மண்டப புக்கிங் சர்வீஸ்: ஜாவாவில் கட்டுவது, சோதிப்பது, சர்வரில் ஏற்றுவது

நீங்கள் கேட்டது இது: ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் ஒரு கல்யாண மண்டபத்துக்கான புக்கிங் சர்வீஸ் எழுதியாகிவிட்டது. லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. டெஸ்ட் என்று எதுவும் எழுதவில்லை. இனி இதை வார் கோப்பாக்கி (வெப் சர்வருக்குள் ஏற்றும் தொகுப்பு) டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் போடுவதா, டாக்கர் கண்டெய்னரா, பல கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குபர்னெட்டிஸ் வேண்டாம். ஒரு மண்டபம், அல்லது ஒரே முதலாளியின் நாலைந்து மண்டபங்கள் என்றால் 2 ஜிபி மெமரி உள்ள ஒரு லினக்ஸ் சர்வரே தாராளம். வார் கோப்பும் வேண்டாம். ஒரே டாம்கேட்டில் பத்து அப்ளிகேஷன்களை வைத்து, அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் இருந்த காலத்து ஏற்பாடு அது. 2014 ஏப்ரலில் ஸ்பிரிங் பூட்டின் முதல் பதிப்பு வந்தபோதே டாம்கேட்டை ஜாருக்குள் (தானே ஓடும் ஜாவா கோப்பு) அடக்கிவிட்டார்கள். டாக்கர் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், அதற்குப் பிறகு வருகிறேன்.

வாடிக்கையாளர் "எங்களிடம் ஏற்கெனவே டாம்கேட் இருக்கிறது, அதில்தான் போட வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால் மட்டும் வார். அப்போது ஒன்றைப் பாருங்கள். ஜாவா இஇ (ஜாவாவின் நிறுவனப் பதிப்பு) ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியபோது ஜாவாஎக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர் கூடவே போகவில்லை. அதனால் எல்லாம் ஜகார்த்தா என்று மாறியது. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 முதல் ஜகார்த்தாதான். டாம்கேட் 9 பழைய பெயரை மட்டும் அறியும். புதிய வாரை அதில் போட்டால் லாகில் ஒரு எர்ரர்கூட வராது. டெப்ளாய் ஆனதாகச் சொல்லும், எந்த முகவரியைத் தட்டினாலும் 404 கொடுக்கும். பூட் 3 என்றால் டாம்கேட் 10.1, பூட் 4 என்றால் டாம்கேட் 11 வேண்டும். நெட்டில் கிடைக்கும் பழைய கோடை அப்படியே ஒட்டும்போது இம்போர்ட் வரிகள் சிவப்பாவதற்கும் இதே காரணம்தான்.

ஜாவா பதிப்பு 21 அல்லது 25. முதலாவது 2023 செப்டம்பரிலும் அடுத்தது 2025 செப்டம்பரிலும் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். ஜாவா 8-ஐ மறந்துவிடுங்கள், பூட் 3-க்கும் 4-க்கும் குறைந்தது 17 வேண்டும். லேப்டாப்பிலும் சர்வரிலும் அதே பெரிய எண் இருக்கட்டும். பில்ட் கருவியான மேவனின் ராப்பரை கிட் (git) களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள், வேறொரு மெஷினில் மேவன் தனியாக நிறுவ வேண்டியிருக்காது. அமைப்பு வேலையில் பேசுவதற்கு இதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பிரிங் இனிஷியலைசர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

டேட்டாபேஸ் மட்டும் விதிவிலக்கு. ஜாவா ஆப்ஜெக்ட்களை டேபிளோடு இணைக்கும் ஹைபர்னேட்டின் ஆட்டோ அப்டேட் அமைப்பை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிட்டு வேலிடேட் என்று மாற்றுங்கள். அப்டேட் புது காலம் (டேபிளின் நெடுவரிசை) சேர்க்கும். பழையதை நீக்காது, பெயர் மாற்றத்தைப் புரிந்துகொள்ளாது, நீங்கள் எதை எப்போது மாற்றினீர்கள் என்ற வரலாறும் மிஞ்சாது. ஃப்ளைவே என்ற டேட்டாபேஸ் மாற்றக் கருவியைப் போட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட எஸ்க்யூஎல் கோப்பாக எழுதுங்கள். கோப்பின் பெயரில் எண்ணுக்குப் பின் இரண்டு அடிக்கோடு வர வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால் இயல்பான அமைப்பில் ஃப்ளைவே அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒருமுறை ஓடிய கோப்பைப் பிறகு திருத்தவும் கூடாது. செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாது, அப்ளிகேஷன் எழும்பாமல் நிற்கும். திருத்தம் வேண்டுமானால் அடுத்த எண்ணில் புதுக் கோப்பு.

இனி டெஸ்ட். எதை டெஸ்ட் செய்வது என்று தெரியாமல்தான் பலர் டெஸ்டே எழுதுவதில்லை. உங்கள் சர்வீஸில் எது உடைந்தால் மண்டபத்து வாசலில் சண்டை வரும்? ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பங்களிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வரும். ஆவணி வளர்பிறை முகூர்த்தம் நாலு என்றால் ஊரே அந்த நாலு நாளைத்தான் கேட்கும். ஒரே நிமிடத்தில் இருவர் அதே நாளைத் தட்டுவது உங்களுக்கு நிச்சயம் நடக்கும்.

உங்கள் கோட் இப்போது அநேகமாக இப்படி இருக்கும்: அந்த நாளில் புக்கிங் இருக்கிறதா என்று ஒரு செலக்ட், இல்லையென்றால் ஒரு இன்சர்ட். லேப்டாப்பில் தனியாக உட்கார்ந்து தட்டினால் பிரமாதமாக வேலை செய்யும். இரண்டு ரிக்வெஸ்ட் ஒன்றாக வந்தால் இரண்டுமே "காலி" என்று பார்க்கும், இரண்டுமே எழுதும். மெத்தட் தலையில் டிரான்சாக்ஷனல் அனோட்டேஷன் போட்டிருக்கிறேனே என்பீர்கள். உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் அதன் இயல்பான ஐசொலேஷன் (ஒரே நேரத்து டிரான்சாக்ஷன்களைப் பிரித்துவைக்கும் அளவு) ரீட் கமிட்டட். அது இதைத் தடுக்காது. ஜாவாவின் சிங்க்ரனைஸ்டு பூட்டைப் போட்டால் ஒரே ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) ஓடும்வரை தாங்கும். இரண்டாவது இன்ஸ்டன்ஸ் எழுந்த அன்று அந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லை. டிரான்சாக்ஷனல் அனோட்டேஷனும் சேர்ந்தே இருந்தால் இன்னொரு ஓட்டை: மெத்தட் முடிந்து பூட்டு விட்ட பிறகுதான் கமிட் நடக்கும், அந்த இடைவெளியில் அடுத்தவர் உள்ளே வந்துவிடலாம்.

தடுக்க வேண்டிய இடம் டேட்டாபேஸ். நாளுக்கு ஒரு யூனிக் கட்டுப்பாடு போதும் என்று தோன்றும், ஆனால் மண்டபம் நாள் கணக்கில் போவதில்லை. முந்தின நாள் மதியம் 3 மணிக்குச் சாவி வாங்கினால் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், பந்தி முடிந்து மதியம் 2 மணிக்குத் திருப்பித் தருவார்கள். நடுவில் யாரோ அரை நாள் காதுகுத்துக்குக் கேட்பார்கள். ஆகவே புக்கிங் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நேர இடைவெளி. போஸ்ட்கிரெஸில் ரேஞ்ச் வகையும் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடும் இதற்கென்றே இருக்கின்றன: மண்டப எண் சமமாகவும் நேர இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதாகவும் உள்ள இரண்டு வரிசைகள் டேபிளில் இருக்கவே கூடாது என்று ஒரே வரியில் சொல்லலாம். பிட்ரீ ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனை முதலில் இயக்க வேண்டும். ரத்தான புக்கிங்குகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்க ஒரு வேர் (where) நிபந்தனை சேருங்கள். இடைவெளியின் முடிவு முனையைச் சேர்க்காத வடிவமாக வையுங்கள், இல்லாவிட்டால் 3 மணிக்கு முடிகிறதும் 3 மணிக்குத் தொடங்குகிறதும் மோதிக்கொள்ளும்.

இந்தக் கட்டுப்பாட்டை எச்2 என்ற சிறு ஜாவா டேட்டாபேஸ் அறியாது. டெஸ்டுக்கு எச்2 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். மெமரியில் ஓடும், வேகமாக இருக்கும், ஆனால் நீங்கள் சோதிப்பது ஓடப்போகிற டேட்டாபேஸை அல்ல. எச்2-வில் போஸ்ட்கிரெஸ் மோட் உண்டு, அது சில தொடரமைப்புகளை ஏற்றுக்கொள்வதோடு சரி. டெஸ்ட்கண்டெய்னர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். டெஸ்ட் தொடங்கும்போது டாக்கரில் நிஜமான போஸ்ட்கிரெஸை எழுப்பும், முடிந்ததும் துடைத்துவிடும். ஸ்பிரிங் பூட் 3.1 முதல் சர்வீஸ் கனெக்ஷன் என்ற ஒரே அனோட்டேஷனில் முகவரி, பாஸ்வேர்ட் எல்லாம் தானாக இணைகிறது. சர்வரில் போஸ்ட்கிரெஸ் 16 என்றால் டெஸ்டிலும் 16 என்றே எழுதுங்கள், லேட்டஸ்ட் என்று எழுதாதீர்கள். ஃப்ளைவே கோப்புகளும் ஒவ்வொரு முறையும் காலி டேட்டாபேஸில் முதலிலிருந்து ஓடுவதால் அவற்றுக்கும் இலவசமாக ஒரு சோதனை கிடைக்கிறது.

முதல் டெஸ்ட் இதுவாக இருக்கட்டும்: அப்ளிகேஷனை ரேண்டம் போர்ட்டில் எழுப்பி, இரண்டு த்ரெட்களை ஒரு கவுன்ட்டவுன் லாட்ச்சில் நிறுத்தி, ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டு, ஒரே மண்டபத்துக்கு ஒரே நேரத்தைக் கேட்க வைப்பது. ஒன்றுக்கு 201 (உருவானது) வர வேண்டும், மற்றதற்கு 409 (மோதல்). இரண்டுக்கும் 201 வந்தால் இரட்டை புக்கிங். 500 (சர்வர் எர்ரர்) வந்தால் கட்டுப்பாடு வேலை செய்தது, ஆனால் அந்த எர்ரரை நீங்கள் மரியாதையாக மொழிபெயர்க்கவில்லை என்று பொருள்.

அந்த 500 வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் இங்கே ஜேபிஏ (ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலை) ஒரு வேலை காட்டும். டிரான்சாக்ஷனல் மெத்தடுக்குள் சேவ் செய்துவிட்டு அதைச் சுற்றி ட்ரை கேட்ச் போடுவீர்கள். சேவ் என்றதும் இன்சர்ட் போய்விடும் என்று நினைப்போம். ஐடி சீக்வென்ஸிலிருந்து வருகிறதென்றால் ஹைபர்னேட் அதைத் தள்ளிப்போட்டு, ஃப்ளஷ் அல்லது கமிட் ஆகும்போதுதான் அனுப்பும். கமிட் நடப்பது உங்கள் மெத்தடுக்கு வெளியே. எக்ஸெப்ஷன் உங்கள் கேட்சைத் தொடாமலே மேலே பறந்துபோகும். சேவ் அண்ட் ஃப்ளஷ் என்று மாற்றினால் அங்கேயே வெடிக்கும், ஆனால் அதற்குள் டிரான்சாக்ஷன் பாழாகிவிட்டது, உள்ளே இருந்துகொண்டு மேலே எதையும் செய்ய முடியாது. கண்ட்ரோலர் அட்வைஸில் டேட்டா இன்டெக்ரிட்டி வயலேஷனைப் பிடித்து, எந்தக் கட்டுப்பாடு உடைந்தது என்று பெயரைப் பார்த்து 409 கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

இதே காரணத்தால் டெஸ்ட் கிளாஸ் தலையில் டிரான்சாக்ஷனல் போடும் பழக்கத்தை விடச் சொல்வேன். ஒவ்வொரு டெஸ்டும் ரோல்பேக் ஆகிச் சுத்தமாகும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ரோல்பேக் என்றால் கமிட்டே நடக்கவில்லை. ஃப்ளஷும் ஆகாமல் கட்டுப்பாட்டைத் தொடாமலே டெஸ்ட் பச்சை காட்டக்கூடும். ரேண்டம் போர்ட் டெஸ்டில் இன்னும் மோசம்: சர்வர் வேறு த்ரெட்டில் ஓடுவதால் உங்கள் டெஸ்டின் டிரான்சாக்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரோல்பேக் ஆகும் என்று நினைத்த டேட்டா அப்படியே தங்கி அடுத்த டெஸ்டைக் கெடுக்கும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்பு டேபிள்களை டிரங்கேட் செய்யுங்கள். பத்துப் பதினைந்து டேபிளுக்கு இது ஒரு சுமையே இல்லை.

வாடகை, முன்பணம், ரத்தானால் எவ்வளவு திருப்பித் தருவது, ஜெனரேட்டர் டீசல் கணக்கு: இவையெல்லாம் ஸ்பிரிங் தேவைப்படாத சாதாரண ஜாவா கிளாஸ்களாக இருக்கட்டும். ஜேயூனிட்டில் வெறும் நியூ போட்டுச் சோதித்தால் மில்லி செகண்டில் முடியும். எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் பூட் டெஸ்ட் அனோட்டேஷன் போட்டுவிட்டு, டெஸ்ட் ஓட பத்து நிமிடம் ஆகிறது என்று பிறகு யாரும் ஓட்டாமல் விட்டுவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

பெயர் விஷயம் ஒன்று உண்டு, அற்பமாகத் தோன்றும். மேவனின் ஷ்யூர்ஃபயர் ப்ளகின் இயல்பில் கிளாஸ் பெயர் டெஸ்ட் என்று தொடங்கினாலோ டெஸ்ட், டெஸ்ட்ஸ் போன்ற சொற்களில் முடிந்தாலோதான் அதை எடுத்து ஓட்டும். ஐடி (IT) என்று முடிகிற இன்டெக்ரேஷன் டெஸ்ட்களை ஓட்டுவது ஃபெயில்சேஃப் என்ற வேறு ப்ளகின். அதை மேவனின் பாம் (pom) கோப்பில் நீங்கள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இன்டெலிஜேயில் வலது கிளிக் செய்து ஓட்டும்போது பச்சை வரும், பில்டில் அந்த டெஸ்ட் ஓடியே இருக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சேர்த்த பிறகு பேக்கேஜ் என்று ஓட்டாமல் வெரிஃபை என்று ஓட்டுங்கள். ஒருமுறை வேண்டுமென்றே ஒரு டெஸ்டை உடைத்துப் பார்த்து பில்டும் உடைகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நேரம். உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான கிளவுட் சர்வர்கள், மும்பையில் இருப்பவையும்கூட, இயல்பில் யுடிசியில் ஓடும். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அதாவது அதிகாலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். "இன்றைய நிகழ்ச்சிகள்" பக்கத்தை மண்டப மேனேஜர் பகல் பத்து மணிக்குப் பார்த்தால் எல்லாம் சரி. 4.30 முதல் 6 வரை முகூர்த்தம் என்று விடியற்காலையில் திறந்தால் நேற்றைய கல்யாணம் தெரியும். சர்வரின் டைம்ஸோனை மாற்றித் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அடுத்த சர்வரில் அதைச் செய்ய மறப்பார்கள். டேட்டாபேஸில் டைம்ஸோன் அறிந்த நேர வகையாகச் சேமியுங்கள். "இன்று" எது என்று கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் ஏசியா கொல்கத்தா ஸோனை வெளிப்படையாகக் கொடுங்கள். ஜாவாவின் கிளாக் ஆப்ஜெக்டை இன்ஜெக்ட் செய்தால் டெஸ்டில் கடிகாரத்தை யுடிசி 23.00-ல் நிறுத்தி, மறுநாள் தேதிதான் வருகிறதா என்று பார்க்கலாம். அப்படியே டெஸ்ட் ஓடும் ஜேவிஎம்மின் டைம்ஸோனையும் யுடிசியாக்கிவிடுங்கள், இந்த வகைக் கோளாறு லேப்டாப்பிலேயே முகம் காட்டும்.

டெஸ்ட் டேட்டாவில் தமிழ்ப் பெயர்களையும் போடுங்கள். ஜாவா 18 முதல் இயல்பான எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8. அதற்கு முன் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்திருந்தது, லொகேல் அமைக்காத கண்டெய்னரில் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். புதிய ஜாவாவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது, ஆனால் நீளக் கணக்கு ஒழியவில்லை. கோபாலகிருஷ்ணன் என்பது நமக்கு 8 எழுத்து. ஜாவாவின் லெங்த் 14 என்று சொல்லும், ஏனென்றால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. பெயர் அதிகபட்சம் 20 என்று வேலிடேஷன் போட்டால் இனிஷியலும் அப்பா பெயரும் சேரும்போது உதைக்கும். இன்னொன்று: கோ என்ற எழுத்து ககரத்தோடு ஒரே ஓகாரக் குறியாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்று, தேடினால் கிடைக்காது. உள்ளே வரும்போதே நார்மலைசர் கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ரசீதைத் தமிழில் பிடிஎஃப்பாகத் தரும் ஆசை இருந்தால், பல ஜாவா லைப்ரரிகளில் கொம்பு தன் இடத்தை விட்டு நகர்ந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். அச்சிடத்தக்க ஒரு எச்டிஎம்எல் பக்கமாகக் கொடுத்து பிரவுசரிடம் விட்டுவிடுவது நிம்மதி.

அடுத்தது எஸ்எம்எஸ். புக்கிங் உறுதியானதும் செய்தி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதுவும் அதே டிரான்சாக்ஷனல் மெத்தடுக்குள் இருக்கும். டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஹிக்காரி கனெக்ஷன் பூலின் இயல்பான அளவு 10. டாம்கேட் த்ரெட்கள் 200. எஸ்எம்எஸ் கேட்வே ஒருநாள் மந்தமாகி ஒவ்வொரு அழைப்புக்கும் 40 விநாடி எடுத்தால், பத்து பேர் புக் செய்தவுடன் பத்து கனெக்ஷனும் கேட்வேக்காகக் காத்துக் கிடக்கும். வெறுமனே காலி நாட்களைப் பார்க்க வந்தவர்கூட 30 விநாடி நின்று எர்ரரோடு திரும்புவார். டேட்டாபேஸ் சும்மா இருக்கும், சிபியூ சும்மா இருக்கும், சர்வீஸ் மட்டும் செத்தது போலத் தெரியும். பூலை 100 ஆக்கு என்று யாராவது சொல்வார்கள். போஸ்ட்கிரெஸின் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் இயல்பிலேயே 100தான், அப்படிச் செய்தால் பேக்கப் எடுக்கப் போகிறவருக்குக்கூட இடம் இருக்காது.

செய்ய வேண்டியது: புக்கிங்கோடு "அனுப்ப வேண்டியவை" என்ற டேபிளில் ஒரு வரிசையும் அதே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு வேலை அதை எடுத்து அனுப்பட்டும். கேட்வேயை அழைக்கும் கிளையன்டுக்கு கனெக்ட் டைமவுட், ரீட் டைமவுட் இரண்டையும் வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஜாவாவின் சொந்த எச்டிடிபி கிளையன்டுக்கு இயல்பில் டைமவுட்டே கிடையாது. ஸ்பிரிங் பூட்டின் ஓப்பன் இன் வியூ அமைப்பையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். அது இயல்பில் இயங்குகிறது, பதில் எழுதி முடிக்கும்வரை கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அப்ளிகேஷன் எழும்போது லாகில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும், எல்லோரும் அதைப் பார்த்துப் பழகித் தாண்டிப் போகிறார்கள். கூடவே ஒரு செலவுக் கணக்கு: தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 அல்ல, 70 குறிகள். மேலே சொன்ன அதே கால், கொம்புக் கணக்குப்படி. மண்டப முகவரியையும் சேர்த்தால் ஒரு செய்தி மூன்றாக உடைந்து மூன்றுக்குக் காசு போகும்.

இப்போது சர்வர். லேப்டாப்பில் கட்டிய ஜாரை ஏற்றாதீர்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸோ ஜெங்கின்ஸோ, புஷ் செய்ததும் வெரிஃபை ஓடி, பச்சையானால் ஒரு ஜார் வெளிவர வேண்டும். சோதித்த அதே ஜார்தான் சர்வருக்குப் போக வேண்டும், சர்வருக்கென்று மறுபடி கட்டக் கூடாது. பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் முகவரி மாதிரி மாறுகிறவை என்விரான்மென்ட் வேரியபிளாக வெளியிலிருந்து வரட்டும். கிட்டில் ஒருமுறை ஏறிய பாஸ்வேர்டை அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி ஏறியிருந்தால் பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் தீர்வு.

சர்வரில் லாகின் உரிமை இல்லாத ஒரு தனிப் பயனர். ரூட்டாக ஓட்ட வேண்டாம். லினக்ஸின் சர்வீஸ் மேலாளரான சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் கோப்பு. விழுந்தால் எழுப்பு, மெஷின் ரீபூட் ஆனால் தானாகத் தொடங்கு என்று அது பார்த்துக்கொள்ளும். ரகசியங்களுக்குத் தனி என்விரான்மென்ட் கோப்பு, உரிமை 600, உடைமையாளர் ரூட். ஜேவிஎம்மை நிறுத்தச் சொன்னால் அது 143 என்ற எண்ணோடு வெளியேறும். 128-ஓடு டெர்ம் சிக்னலின் 15 சேர்ந்தது அது. இதை வெற்றியாகக் கருது என்று சர்வீஸ் கோப்பில் சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சிவப்பில் தோல்வி என்று காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) அளவையும் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஜேவிஎம் மொத்த மெமரியில் கால் பங்கை உச்சவரம்பாக எடுக்கும். 2 ஜிபி சர்வரில் 512 எம்பி. அதே மெஷினில் போஸ்ட்கிரெஸும் இருந்தால் அந்த அளவு பொருத்தம்தான். டேட்டாபேஸ் வேறிடத்தில் என்றால் 1 ஜிபிவரை தரலாம். முழு மெமரியையும் கொடுக்காதீர்கள், த்ரெட் ஸ்டாக், மெட்டாஸ்பேஸ் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இடம் கேட்கும்.

ஜாவாவுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். எச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும், புதுப்பித்தலை செர்ட்பாட் தானாகச் செய்யும். ஜாவாவை 127.0.0.1-ல் மட்டும் கேட்க வைத்தால் 8080 போர்ட் உலகத்துக்குத் திறந்து கிடக்காது. அசல் முகவரியை என்ஜின்எக்ஸ் ஜாவாவுக்குச் சொல்லும் ஃபார்வர்டட் ஹெடர் அமைப்பை மறந்தால், புக்கிங் உருவானதும் நீங்கள் திருப்பித் தரும் லிங்க் எச்டிடிபிஎஸ் இல்லாமல் போகும். வாடிக்கையாளர் அடையாள அட்டையை மொபைலில் படமெடுத்து ஏற்றும் வசதி இருந்தால், என்ஜின்எக்ஸின் வரம்பும் 1 எம்பி, ஸ்பிரிங்கின் ஒரு கோப்புக்கான வரம்பும் 1 எம்பி. இரண்டையும் உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு இன்னும் 413 (கோப்பு மிகப் பெரிது) வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கம்.

ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்புப் பகுதியான ஆக்சுவேட்டரைச் சேர்த்தால் ஹெல்த் மட்டும் வெளியே தெரியட்டும். எல்லாவற்றையும் திற என்று நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள் சிலர். அதில் ஹீப் டம்ப்பும் இருந்தால் ஜேவிஎம்மின் மெமரியை, உள்ளிருக்கும் பாஸ்வேர்டுகளோடு, யாரோ பதிவிறக்கிக்கொண்டு போகலாம்.

புதுப் பதிப்பு ஏற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஜாரின் மேலேயே புது ஜாரை காப்பி செய்யாதீர்கள். ஜேவிஎம் கிளாஸ்களைத் தேவைப்படும்போதுதான் திறந்து படிக்கும். அடியில் கோப்பு மாறிவிட்டால் சம்பந்தமில்லாத இடங்களில் கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும், சில சமயம் நிறுத்தும்போதுகூட. பதிப்பு எண்ணோடு தனிப் பெயரில் ஏற்றி, அதைச் சுட்டும்படி ஒரு சிம்லிங்க்கைத் திருப்பி, ரீஸ்டார்ட். புதியது சரியில்லை என்றால் சிம்லிங்க்கைப் பழையதற்குத் திருப்பினால் போதும்.

ஆனால் டேட்டாபேஸ் அப்படித் திரும்பாது. டேபிளில் ஒரு காலத்தின் பெயரை மாற்றிவிட்டு ஜாரை மட்டும் பின்வாங்கினால் பழைய ஜார் பழைய பெயரைத் தேடும். அதனால் பெயர் மாற்றத்தைத் துண்டாக்குங்கள். முதல் பதிப்பில் புது காலம் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். அடுத்ததில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். பழையதை யாரும் தொடவில்லை என்று தெரிந்த பிறகு இன்னொரு பதிப்பில் நீக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இரவு பத்து மணிக்குப் பின்வாங்க வேண்டி வந்தால் இதுதான் காப்பாற்றும்.

டாக்கர் பிடித்திருந்தால் தாராளமாக. கவனிக்க மூன்று. என்ட்ரிபாயிண்டை ஷெல் வடிவில் எழுதினால் நிறுத்தும் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடக்கூடும், ஜாவாவுக்குப் போகாது. பட்டியல் வடிவில் எழுதுங்கள். டாக்கர் ஸ்டாப் 10 விநாடிதான் பொறுக்கும், ஸ்பிரிங் கையிலிருக்கும் ரிக்வெஸ்ட்களை முடிக்க இயல்பில் 30 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்துங்கள். கண்டெய்னர் 137 என்று வெளியேறினால் அது கில் சிக்னல், பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதற்கு. ஜாவா லாகில் அப்போது ஒரு வரியும் இருக்காது. இன்னொரு விஷயம், டாக்கர் திறக்கும் போர்ட்கள் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போகும். போஸ்ட்கிரெஸின் 5432-ஐ வெளியே பப்ளிஷ் செய்துவிட்டு ஃபயர்வால் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

இரவில் ஒரு பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் பேக்கப்), அது வேறு மெஷினுக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை அதைக் காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள், டெஸ்ட்கண்டெய்னர்ஸுக்காக டாக்கர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

இரண்டாவது சர்வர் எப்போது வேண்டும் என்று கேட்பீர்கள். மண்டபங்கள் பெருகி, ரீஸ்டார்ட் ஆகும் அந்த அரை நிமிடமும் நிற்கக் கூடாது என்ற நிலை வந்தால். அன்றைக்கு உடைவது முதலில் எஸ்எம்எஸ் அனுப்பும் அந்த ஷெட்யூல்டு வேலை: இரண்டு இன்ஸ்டன்ஸிலும் அதே நிமிடத்தில் எழும், பெண் வீட்டாருக்கு ஒரே செய்தி இரண்டு முறை போகும். வரிசைகளை எடுக்கும் எஸ்க்யூஎல்லில் ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு சேர்த்து, அனுப்பி முடித்துக் குறிக்கும்வரை அந்தப் பூட்டைப் பிடித்திருந்தால் ஒருவர் எடுத்ததை மற்றவர் தாண்டிப் போவார். அதற்காக ஒரே ஒரு கனெக்ஷன், டைமவுட்டோடு, காத்திருக்கலாம். முன்பு சொன்னபடி பத்து கனெக்ஷனும் காத்திருந்ததைவிட அது எவ்வளவோ மேல்.